தெருவிளக்கின் பேரிங்

வைத்திலிங்கத்துக்குக் கண்ணைவிடக் காதின் மேல்தான் நம்பிக்கை. சுரங்கத்திலிருந்து மண்ணையும் பழுப்பு நிலக்கரியையும் சுமந்துகொண்டு ஓடும் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் எண்ணி முடியாத உருளைகள் சுற்றிக்கொண்டிருக்கும். அவற்றில் எது சீக்காளி என்று சத்தத்தை வைத்தே கண்டுபிடிப்பது அவர் வேலை. நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை பேரிங் மேல் ஊன்றி, பிடியைக் காதில் ஒட்டிவைத்து, கண்ணை மூடிக்கொள்வார். பார்ப்பவர்களுக்கு டாக்டர் நினைப்பு வரும். ஆனால் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுப்பார், இவர் எப்போதும் ஒரே வார்த்தைதான் சொல்வார்: “கழட்டு.”

இந்த வைத்தியத்தை அவர் சுரங்கத்தோடு நிறுத்திக்கொண்டிருந்தால் குவார்ட்டர்ஸில் நிம்மதி இருந்திருக்கும். வீட்டு மிக்ஸி, ஃபேன், மகளின் ஸ்கூட்டர் எல்லாமே அந்த ஸ்க்ரூ டிரைவரின் கீழ் படுத்து எழுந்தவை. ஒருமுறை மனைவி பொற்கொடி படியேறும்போது முழங்காலில் ‘கடக்’ என்றது. “கிரீஸ் காஞ்சிபோச்சி,” என்று ஹாலிலிருந்தே சொன்னார். அன்று முழுக்க அவருக்கு ரசம் மட்டும்தான்.

அப்படிப்பட்டவரின் வீட்டெதிரே இருந்த தெருவிளக்கு ஆவணி மாதத்தில் சத்தம் போடத் தொடங்கியது. விளக்கு எரிய ஆரம்பித்ததும் அந்த உயரத்திலிருந்து ‘கிர்ர்ர்’ என்று ஒரு சத்தம். கொஞ்சம் இடைவெளி. மறுபடி ‘கிர்ர்ர்’. காய்ந்துபோன ஏதோ ஒன்று சுற்ற முயன்று தோற்றுப்போவதைப் போல.

“பேரிங் போச்சி,” என்றார் வைத்திலிங்கம். உடனே போனை எடுத்துப் பராமரிப்பு அலுவலகத்தில் புகார் கொடுத்தார்.

அது பேரிங் இல்லை என்று அந்த வீட்டில் ஒருத்திக்குத் தெரியும். மகள் வெண்மதி. பூச்சிகளைப் பற்றி ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறவள். விளக்குக் கம்பத்தை ஒட்டி நின்ற தூங்குமூஞ்சி மரத்தில் உட்கார்ந்து கத்துவது ஒரு வெட்டுக்கிளி என்று அவள் முதல் மாலையிலேயே தெரிந்துகொண்டாள். வயலில் துள்ளுகிற வெட்டுக்கிளி அல்ல. இலைக்கு மீசை முளைத்து, கால் முளைத்து நடக்க ஆரம்பித்தால் எப்படி இருக்குமோ, அப்படி ஒன்று. உடம்பைவிட மீசை நீளம். அதன் பெண்கள் இரண்டை அவள் ஏற்கெனவே வேலிச் செடியில் பிடித்திருந்தாள். ஒன்று தானாகவே செத்துக் குப்பியில் இருந்தது, இன்னொன்று கொசுவலை தைத்த கூண்டில் கொய்யா இலை தின்றுகொண்டிருந்தது. கிடைத்த புத்தகங்களையும் கட்டுரைகளையும் எல்லாம் புரட்டியாயிற்று. எதிலும் இது இல்லை. இதுவரை யாரும் பெயர் வைக்காத ஓர் உயிரோடு ஒரே தெருவில் குடியிருக்கிறோம் என்ற நினைப்பில் அவள் அந்த வாரம் முழுவதும் சாம்பாரில் மோரை ஊற்றிக்கொண்டிருந்தாள்.

அவள் வழிகாட்டி பேராசிரியர் செங்குட்டுவன்தான் அவளைத் தரைக்கு இறக்கினார்.

“பெண்ணுங்களை வெச்சி ஒண்ணும் பண்ண முடியாதும்மா,” என்றார் போனில். “இந்தக் குடும்பத்துல பெண்ணுங்க எல்லாம் அக்கா தங்கச்சி மாதிரி ஒரே ஜாடை. ஆண்தான் அடையாளம். றெக்கைக்கு அடியில இருக்கிற அரம், வால்நுனியில இருக்கிற கொக்கி, ரெண்டையும் பாத்தாத்தான் புதுசா இல்லியான்னு சொல்ல முடியும். முதல்ல மாப்பிள்ளையைக் காட்டு. அப்புறம் மத்ததைப் பேசுவோம்.”

மாப்பிள்ளையோ மரத்தின் உயரத்துக் கிளையில் இருந்தார். ஏணி எட்டவில்லை. கல்லெறிந்தால் கிளையில் படவில்லை, பக்கத்து வீட்டுக்காரரின் காரில் பட்டது. கத்தும் சத்தத்தைப் பதிவு செய்து செல்போனில் போட்டுக் காட்டினாள், மாப்பிள்ளை மதிக்கவில்லை. ஆண் கத்தினால் பெண் ஒரு சின்ன ‘டிக்’ மட்டும் பதில் கொடுக்கும், அதைக் கேட்டு ஆண் தேடிக்கொண்டு வரும் என்று படித்திருந்தாள். கூண்டுக்குள் இருந்த பெண்ணைக் கொண்டுபோய் மரத்தடியில் வைத்துப் பார்த்தாள். அது வாயே திறக்காமல் கொய்யா இலையைத் தின்று தீர்த்தது. சம்பந்தம் பிடிக்கவில்லை போலும்.

அந்த நேரத்தில்தான் அப்பாவின் புகார் அவள் கண்ணுக்கு வேறு மாதிரித் தெரிந்தது. தெருவிளக்குப் பழுது என்றால் கூடை வைத்த லிஃப்ட் வண்டி வரும். கூடை விளக்கு உயரத்துக்குப் போகும். விளக்கு உயரத்தில்தான் மாப்பிள்ளையின் கிளை இருக்கிறது.

அதன்பிறகு அவள் பொய் எதுவும் சொல்லவில்லை. அப்பா புகாரை மறந்துபோகிற மாதிரி தெரிந்தால், “இன்னிக்கு சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியாப்பா?” என்று ஒரு வார்த்தை கேட்பாள். அவ்வளவுதான். வைத்திலிங்கத்தின் கை தானாகப் போனுக்குப் போய்விடும்.

லிஃப்ட் வண்டி ஒருநாள் காலையில் வந்தது. அதோடு மந்தாரக்குப்பத்திலிருந்து காண்ட்ராக்ட்டில் வேலை பார்க்கும் சுபாஷ் வந்தான். புகாரைப் படித்துவிட்டு வைத்திலிங்கத்தின் முன்னால் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான்.

“சார், தெருவிளக்குல பேரிங் இல்ல சார்.”

“பேரிங் இல்லாம எப்பிடிப்பா பேரிங் சத்தம் வரும்?”

“அதான் சார் எனக்கும் புரியல.”

“சுத்தற பொருளு ஒண்ணுகூடவா உள்ள இல்ல?”

“எரியறது மட்டும்தான் சார். வேற ஒண்ணும் பண்ணாது.”

வைத்திலிங்கம் யோசித்தார். “அப்ப எவனோ தப்பா போட்டுட்டான். ஏறிப் பாரு.”

சுபாஷ் ஏறுவதற்குள் வெண்மதி வலையோடு ஓடிவந்தாள். “நானும் கூடையில வரலாமா?”

“ஹெல்மெட் இருக்கா மேடம்? பெல்ட்டு? மேல ஏற டிரெய்னிங் எடுத்த பேப்பர்?”

“இல்ல.”

“உங்களை ஏத்தினா, நாளைக்கு நானே இந்த வண்டியில ஏற முடியாது.”

“சரி, இந்த வலையையாவது கொண்டு போங்க. அந்தக் கிளையை லேசா தட்டினா உள்ள ஏதாவது வுழும். வுழறதை அப்படியே மூடிக் கொண்டாங்க.”

சுபாஷ் நல்ல மனதுக்காரன். விளக்கை மாற்றிவிட்டு, கிளையையும் தட்டினான். கூடை கீழே இறங்கும்போது அவன் அதற்குள் ஆடிக்கொண்டிருந்தான். வலையில் விழுந்தது ஒரு முசுறு எறும்புக் கூடு. “மேடம், நீங்க கேட்டது பாதி வலையில இருக்குது, மீதி சட்டைக்குள்ள இருக்குது,” என்று சொல்லிக்கொண்டே சட்டையைக் கழற்றினான். பொற்கொடி மஞ்சளும் எண்ணெயும் எடுத்துவந்து கொடுத்தாள்.

அன்று மாலை புது விளக்கு எரிந்தது. ‘கிர்ர்ர்’ என்றது.

“பழைய பேரிங்கையே திருப்பிப் போட்டுட்டான்,” என்றார் வைத்திலிங்கம்.

அதே வாரத்தில் அவர் இன்னொன்றும் சொன்னார். சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிப் படுத்திருந்தவர் திடீரென்று, “இந்த சத்தம் டீ போடற நேரத்துக்குக் கிட்ட வருது,” என்றார். தெருவிளக்கு நடந்து வருமா என்று பொற்கொடி கேட்டாள். மகளும் சேர்ந்து சிரித்தாள். “சிரிங்க. எங்காது பொய் சொல்லாது,” என்று அவர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

இரண்டாம் முறை சுபாஷை விளக்கு எரியும் நேரத்துக்கு வரச் சொல்லிப் பிடிவாதம் பிடித்து வரவழைத்தார். அவனும் கழுத்து வலிக்க அண்ணாந்து நின்று கேட்டான். காற்று அடித்தது. தூங்குமூஞ்சியின் கிளை ஒன்று கம்பியில் பட்டு அசைந்தது. ‘கிர்ர்ர்.’ சுபாஷின் முகம் விளக்கைவிட நன்றாக எரிந்தது.

“சார், கிளை கம்பியில உரசிகினு இருக்குது. அதான் சத்தம். புகார் இருக்கறதால மழைக்கு முன்னாடி இந்த மரத்துல கிளை கழிச்சிடலாம். காலையில ரம்பத்தோட ஆளு வருவாங்க. இந்தப் பக்கம் பூரா எடுத்துட்டா விஷயம் முடிஞ்சிது.”

வெண்மதி கிளையை அண்ணாந்து பார்த்தாள். இந்தப் பக்கம் என்றால் மாப்பிள்ளை இருக்கிற பக்கம். அவள் தெரு முழுவதும் காது வைத்துத் தேடியும் வேறெந்த மரத்திலும் அந்தக் குரல் இல்லை.

“கிளை உரசினா இந்த சத்தம் வராது,” என்றார் வைத்திலிங்கம். அவள் நன்றியோடு அவரைப் பார்த்தாள். “ஆனா வெட்டிடு. மத்த இரைச்சல் போனா பேரிங் தனியா தெளிவா கேக்கும்.”

சுபாஷ் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். அவள் அப்பாவின் பின்னாலேயே உள்ளே வந்தாள். புகார் அவர் பெயரில் இருந்தது. குவார்ட்டர்ஸ் யார் பெயரில் இருக்கிறதோ அவர் சொன்னால்தான் வாபஸ். இனி ஒளித்துப் பயனில்லை.

“அப்பா, அது பேரிங் இல்ல. பூச்சி.”

“என்னா பூச்சி?”

அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பெண்கள் இரண்டு கிடைத்தது, ஆண் கிடைக்காதது, கூடை வண்டிக்காகத் தான் சும்மா இருந்தது, சும்மா இருக்காமல் நடுநடுவே கிளறிவிட்டது. சமையலறை வாசலில் நின்று பொற்கொடி கேட்டுக்கொண்டிருந்தாள். இடையில் ஒருமுறை முந்தானையால் வாயைப் பொத்தினாள். அழுகை இல்லை அது.

வைத்திலிங்கம் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மகள் தன்னை ஏமாற்றியதை அவர் அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வேறொன்றுதான் அவரைத் தைத்தது.

“அப்ப எங்காதுக்கு பூச்சிக்கும் பேரிங்குக்கும் வித்தியாசம் தெரியாதுன்ற.”

“அப்படிச் சொல்லலப்பா.”

“நான் பாக்காத ரோலரா? பூச்சி இப்பிடிக் கத்தாதும்மா. உள்ள பல்லு தேஞ்சாதான் இந்த சத்தம் வரும்.”

“அதுக்கும் பல்லு இருக்குப்பா. ஒரு றெக்கைக்கு அடியில அரம் மாதிரி. இன்னொரு றெக்கையில தேய்க்கும்.”

“கழுத்துலயும் காது இருக்குன்னு சொல்லு.”

“கழுத்துல இல்ல. முன்னங்கால்ல, முழங்காலுக்குக் கீழ.”

தான் கேலிக்கு ஆளாகிறோம் என்ற சந்தேகம் வைத்திலிங்கத்துக்கு உறுதியாயிற்று. “போன் பண்ண மாட்டேன். காலையில வெட்டட்டும். பேரிங்கா பூச்சியான்னு அப்பத் தெரியும். பொற்கொடி, டீ போடு.”

பொற்கொடி உள்ளே போனாள். அவளுடைய கேஸ் லைட்டர் அந்த வீட்டிலேயே ஸ்க்ரூ டிரைவர் தொடாத ஒரே கருவி. முதல் தட்டில் பற்றியதாகச் சரித்திரம் இல்லை. ‘டிக்’. ஒன்றுமில்லை. ‘டிக்’. ஒன்றுமில்லை. “பத்துதா பாரு சனியன்,” என்று திட்டிக்கொண்டு சற்று ஆறப்போட்டு மறுபடி ‘டிக்’. புதிதாக வாங்கலாம் என்றால், “பத்திக்கினுதானே இருக்குது,” என்பாள்.

வெளியே ‘கிர்ர்ர்’ என்றது. உள்ளே ‘டிக்’ என்றது. வெளியே நின்றது. பிறகு ‘கிர்ர்ர்’.

“கேட்டியா,” என்றார் வைத்திலிங்கம், கோபத்தில் இருப்பதையே மறந்து. “மரத்துல இருந்துது, இப்ப வேலிக்கு வந்துட்டுது. நான் சொன்னா சிரிச்சீங்களே.”

வெண்மதி அப்படியே நின்றாள். பிறகு சமையலறைக்குள் ஓடினாள்.

“அம்மா, பத்த வைக்காத.”

“பத்த வைக்காம டீ எப்பிடிடி போடறது?”

“கேஸை மூடு. லைட்டரை மட்டும் தட்டு. அது கத்தி முடிச்ச உடனே ஒரே ஒரு தட்டு.”

பொற்கொடி மகளை ஏற இறங்கப் பார்த்தாள். உலகத்தில் யாருக்கும் பயன்படாத படிப்பு என்று உறவினர்கள் சொன்னது அவள் நினைவுக்கு வந்திருக்கலாம். ஆனாலும் கேஸை மூடினாள். ஜன்னல் பக்கம் லைட்டரை நீட்டினாள்.

‘கிர்ர்ர்.’ ‘டிக்.’

அடுத்த ‘கிர்ர்ர்’ தண்ணீர்க் குழாய் அருகிலிருந்து வந்தது.

“வர்றான்,” என்று வெண்மதி கிசுகிசுத்தாள்.

“யாருடி?”

“மாப்பிள்ளை. நீதான் பொண்ணுன்னு நெனச்சிக்கினு இருக்கான்.”

“அடச்சீ,” என்றாள் பொற்கொடி. ஆனால் தட்டுவதை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு நளினம்கூட வந்துவிட்டது. ஒருமுறை வேண்டுமென்றே பதில் கொடுக்காமல் விட்டாள். வெளியே அவசர அவசரமாக இரண்டு தடவை கத்தியது. “தவிக்கட்டும்,” என்றாள்.

ஜன்னல் கம்பிக்கு இப்பால் மேடையில் ஓர் எவர்சில்வர் தட்டு இருந்தது. அதில் மறுநாள் தாளிக்கக் கறிவேப்பிலைக் கொத்து. ஏதோ ஒன்று பறந்து வந்து அதற்குள் விழுந்தது. விழுந்ததை மூவரும் பார்த்தார்கள். விழுந்த பிறகு யாருக்கும் தெரியவில்லை. கொத்து முழுவதும் இலை; எல்லா இலையும் ஒரே பச்சை; எது இலை, எது மாப்பிள்ளை என்று வெண்மதியாலேயே சொல்ல முடியவில்லை. கை வைத்தால் பறந்துவிடும். அவள் மூச்சையும் நிறுத்திக்கொண்டாள்.

“நகரு,” என்றார் வைத்திலிங்கம்.

அவர் கையில் ஸ்க்ரூ டிரைவர் இருந்தது. முனையை மெல்லத் தட்டின் விளிம்பில் ஊன்றினார். பிடியைக் காதில் ஒட்டிவைத்துக் கண்ணை மூடினார். பொற்கொடி கணவனையும் கறிவேப்பிலையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு ‘டிக்’ போட்டாள்.

‘கிர்ர்ர்.’

தட்டு அதிர்ந்திருக்க வேண்டும். வைத்திலிங்கத்தின் புருவம் ஏறியது. முனையை இன்னொரு பக்கம் நகர்த்தி ஊன்றினார். மறுபடி ‘டிக்’, மறுபடி ‘கிர்ர்ர்’. கண்ணைத் திறக்காமலே சுண்டுவிரலால் கொத்தின் ஓர் ஓரத்தைக் காட்டினார்.

“இங்க. கழட்டு.”

வெண்மதி கைக்கு அகப்பட்டதை எடுத்துக் கவிழ்த்தாள். அது டீ வடிகட்டி. அதன் வலைக்குள் ஓர் இலை மீசையை ஆட்டியது.

மூவரும் குனிந்து பார்த்தார்கள். அது அவர்களைப் பார்த்ததாகத் தெரியவில்லை. லைட்டர் இருந்த பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தது.

வைத்திலிங்கம் போனை எடுத்தார். எதிர்முனையில் சுபாஷ்.

“தம்பி, காலையில ஆள அனுப்ப வேணாம். மரத்துல கைய வெக்காதீங்க. புகாரை முடிச்சிடு.”

“என்ன சார் ஆச்சு, சத்தம் நின்னுடுச்சா?”

“நின்னுடுச்சி. அந்தப் பார்ட்ட நாங்களே கழட்டிட்டோம்.”

“எந்தப் பார்ட்டு சார்?”

“அது உனக்குப் புரியாது,” என்று போனை வைத்தார்.

அன்று டீயை மூவரும் தூளோடுதான் குடித்தார்கள். டப்பாவுக்கு மாற்றப்பட்ட மாப்பிள்ளை ஃப்ரீஸருக்குள் போனார், அரைத்த தேங்காய்க்கும் ஐஸ் கட்டிக்கும் நடுவில். குளிரில் அது வலியில்லாமல் தூங்கிப்போகும் என்று வெண்மதி சொன்னாள். “ஆசை காட்டிக் கூப்ட்டு இப்பிடிப் பண்ணிட்டமேடி,” என்றாள் பொற்கொடி. பெயர் வைக்க வேண்டுமானால் முதலில் ஒன்றைக் கொல்ல வேண்டும் என்பதைப் படித்தபோது வெண்மதிக்கு அது வெறும் வழிமுறையாக இருந்தது. ஃப்ரீஸர் கதவைச் சாத்தும்போது அப்படி இருக்கவில்லை. கூண்டில் இருந்த பெண்ணை வேலிச் செடியில் விட்டுவிட்டு வந்து படுத்தாள்.

பிறகு சாப்பாட்டு மேஜை ஆராய்ச்சிக்கூடமானது. ஒரு புதிய உயிரை விவரிப்பது என்பது அது என்ன என்று சொல்வதைவிட, அது மற்ற எதுவும் இல்லை என்று சொல்வதுதான். தொடை எவ்வளவு நீளம், முள் எத்தனை, வால்நுனிக் கொக்கி எந்தப் பக்கம் வளைகிறது, நெருங்கிய சொந்தக்காரர்களுக்கு எந்தப் பக்கம் வளைகிறது. வெண்மதி அளந்தாள், வரைந்தாள், அழித்தாள், மறுபடி வரைந்தாள். வைத்திலிங்கம் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் பூதக்கண்ணாடி வழியே றெக்கையின் அரத்தைப் பார்ப்பார். வரிசையாகப் பல். ஒரு முனையில் பெரிது, போகப்போகச் சிறிது.

“நல்ல வேலை,” என்பார். பிறகு தயங்கி, “இதுல ஒரு சொட்டு எண்ணெ வுட்டா சத்தம் நிக்குமா?”

அவள் எழுதிய கட்டுரையைப் படித்துப் பார்க்க ஆராய்ச்சிப் பத்திரிகையிலிருந்து வெளிநாட்டுக்காரர் ஒருவரிடம் அனுப்பியிருந்தார்கள். அவர் மற்றதையெல்லாம் ஒப்புக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: ஆணைப் பிடித்த முறை என்ற இடத்தில் கேஸ் லைட்டர் என்று இருக்கிறதே, தட்டச்சுப் பிழையா? செங்குட்டுவன் அதை போனில் படித்துக் காட்டினார். “பிழை இல்லன்னு எழுதுங்க சார்,” என்றாள் வெண்மதி. “பிடிச்சவங்க பேரு பொற்கொடின்னும் இருக்கட்டும்.”

அதற்குள் வைத்திலிங்கம் மனைவியின் சேவையைப் பாராட்டிப் புது லைட்டர் வாங்கி வந்திருந்தார். அது முதல் தட்டிலேயே பற்றியது. பொற்கொடி அதை அலமாரியில் பூட்டிவிட்டுப் பழையதையே எடுத்துக்கொண்டாள்.

பெயர் வைக்கும் நாள் வந்தது. “எம்பேரு வேணாம், எங்க நாத்தனாரு சிரிப்பாங்க,” என்று பொற்கொடி முன்பே சொல்லிவிட்டாள். வைத்திலிங்கம் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அன்று காரணமில்லாமல் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தார். வெண்மதி லத்தீனில் ஒரு சொல்லைப் படித்துக் காட்டினாள்.

“அப்பிடின்னா?”

“உருளைன்னு அர்த்தம்ப்பா. ரோலர்.”

அவர் அதை மெல்ல அசைபோட்டார். “அப்ப கடைசில ஒத்துக்கினாங்க,” என்றார்.

அடுத்த வருடம் மழை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்பு, ஒரு மாலை, மூவரும் டீக்காகக் காத்திருந்தார்கள். தெருவிளக்கு எரிந்தது. மாப்பிள்ளை போனதிலிருந்து அந்தப் பக்கம் அமைதிதான். வெண்மதி தினமும் அந்த நேரத்துக்கு ஜன்னலோரம் வந்து நிற்பதும், ஒன்றும் கேட்காமல் திரும்புவதும் வழக்கமாகியிருந்தது. ஒருவேளை அது ஒன்றே ஒன்றுதானோ என்று அவளுக்குச் சில நாட்களாகத் தூக்கம் சரியில்லை.

தூங்குமூஞ்சியின் வெட்டாத கிளையிலிருந்து ‘கிர்ர்ர்’ என்றது. கொஞ்சம் இடைவெளி. மறுபடி ‘கிர்ர்ர்’.

வெண்மதி அப்பாவைப் பார்த்தாள். அவர் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். கை போன் பக்கம் போகவில்லை.

“ஒண்ணைக் கழட்டினா ஸ்டாண்ட்பை ஓடுது,” என்றார். “அத ஒண்ணும் பண்ணாதீங்க.”

சமையலறையில் பழைய லைட்டரைத் தட்டப் போன பொற்கொடி அதைக் கீழே வைத்தாள். பிறகு அலமாரியைத் திறந்து, ஒரே தட்டில் பற்றுகிற புது லைட்டரை எடுத்தாள்.